சிங்கப்பூர்க் கடற்படைத் தளமும் எண்ணப்படாத மக்களும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று நிர்வாகிகள் பணித்தனர். மன்னர்களின் போர்களும் ஆட்சி ஆண்டுகளும் பாடநூல்களிலேயே உள்ளன. ஆகவே, நம்மவர் உழைப்பு கலந்திருந்தும் நம்மவர் பெயர் எழுதப்படாத ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்வதே பொருத்தம் எனக் கருதினேன். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் பேரரசு திட்டமிட்டுக் கட்டிய சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தின் வரலாறு அத்தகையது.

கீரனூரில் வாழும் இளைஞனுக்கும் கடல் கடந்த ஒரு துறைமுகத்தின் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆவதற்கு முன் நம் பகுதி மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம், தென்னார்க்காடு, வடார்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து பல இலட்சம் மக்கள் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்களுள் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள் கணிசமானோர். பஞ்சமும் கடனும் பண்ணையடிமை வாழ்வும் அவர்களைத் துரத்தின; கங்காணியின் ஆசை வார்த்தை அவர்களை இழுத்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் இறங்கினர். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவ்வழியே ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் அறியப்பட்டதாக இருந்தது.

ஒரு துறைமுகத்தைக் காப்பது என்றால் எதைக் காப்பது, யாரைக் காப்பது? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியையே பின்தொடர்கிறது.

போருக்குப் பின் எழுந்த சிக்கல்

1918 நவம்பரில் முதல் உலகப் போர் முடிந்தது. வென்ற நாடாயினும் பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. போர்க்காலம் முழுவதும் அதன் கப்பற்படை ஜெர்மனியை எதிர்த்து ஐரோப்பியக் கடலிலேயே குவிந்திருந்தது. கீழ்த்திசைக் கடல்களின் காவலில் ஜப்பானும் பங்கேற்றது. 1902-இல் செய்துகொண்ட நட்பு உடன்படிக்கை அதற்கு வழி செய்தது.

போர் முடிந்ததும் அந்த நட்பின் மீது ஐயம் எழுந்தது. ஜப்பானியக் கப்பற்படை வளர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்களைக் காப்பது யார் என்று வினவின. 1919-இல் பேரரசின் கடற்பாதுகாப்பை ஆராய்ந்து ஆலோசனை கூறுமாறு கடற்படைத் தளபதி ஜெல்லிக்கோ அனுப்பப்பட்டார். கீழ்த்திசையில் ஒரு பெரும் கப்பற்படையை நிலையாக நிறுத்த வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அதற்குப் பணம் இல்லை. மேலும், அடுத்த பத்தாண்டுகளுக்குப் பெரும் போர் எதுவும் வராது என்று வைத்துக்கொண்டு படைச் செலவுகளைத் திட்டமிட வேண்டும் என்பதே 1919 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அமைச்சரவை வகுத்த விதி. ‘பத்தாண்டு விதி’ என்று பெயர் பெற்ற அது 1932 வரை நீடித்தது.

கப்பற்படையை நிறுத்தப் பணம் இல்லை. நிறுத்தாமல் விடவும் துணிவு இல்லை. இந்த இக்கட்டிலிருந்து பிறந்ததே சிங்கப்பூர்த் திட்டம். கப்பல்கள் ஐரோப்பாவிலேயே இருக்கும். சிங்கப்பூரில் எண்ணெய்க் கிடங்குகளும் பழுது பார்க்கும் துறைகளும் கொண்ட ஒரு தளம் இருக்கும். ஜப்பான் தாக்கினால் கப்பற்படை சூயஸ் கால்வாய் வழியாக ஏறத்தாழ 8,000 கடல் மைல் கடந்து அங்கே வந்து சேரும். அதுவரை தளத்தைக் கரைப் பீரங்கிகளும் காவற்படையும் காத்து நிற்கும். 1921 ஜூன் மாதம் அமைச்சரவை இதனைக் கொள்கையளவில் ஏற்றது.

அதே ஆண்டு இறுதியில் வாஷிங்டன் மாநாடு கூடியது. ஜப்பானுடனான நட்பு உடன்படிக்கை அத்துடன் முடிவுக்கு வந்தது. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆகியவற்றின் பெரும் போர்க்கப்பல்கள் 5 : 5 : 3 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என 1922 பிப்ரவரியில் ஒப்பந்தமாயிற்று. பசிபிக் பகுதியில் புதிய அரண்கள் கட்டலாகாது என்ற தடையும் அதில் இருந்தது. அத்தடை ஹாங்காங்கைக் கட்டுப்படுத்தியது. சிங்கப்பூரோ தடை எல்லைக்கு அப்பால் இருந்தது. ஆகவே பிரிட்டனின் கீழ்த்திசைத் தளமாவதற்குச் சிங்கப்பூரே எஞ்சியது.

இடமும் பணமும்

சிங்கப்பூர்த் தீவின் வடகரையில், ஜோகூர் நீரிணையை நோக்கிய செம்பவாங் பகுதி தளத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கடலிலிருந்து வரும் எதிரிக்கு அது மறைவான இடம். ஆனால் நீரிணைக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவிலேயே மலேயாப் பெருநிலம் இருந்தது. 1924-இல் திறக்கப்பட்ட தரைப்பாலம் தீவை அப்பெருநிலத்தோடு இணைத்தது. இந்த இரு செய்திகளையும் இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

கட்டுமானம் நின்று நின்று நடந்தது. 1924-இல் ஆட்சிக்கு வந்த ராம்சே மக்டொனால்டின் தொழிற்கட்சி அரசு பணியை நிறுத்தியது. அவ்வாண்டு இறுதியில் வந்த பால்ட்வினின் அரசு மீண்டும் தொடங்கியது. 1928-இல் ஐம்பதாயிரம் டன் கப்பலைத் தாங்கவல்ல மிதக்கும் துறை ஒன்று பிரிட்டனிலிருந்து சூயஸ் வழியாக இழுத்து வரப்பட்டது. 1929-இல் மீண்டும் தொழிற்கட்சி ஆட்சி, மீண்டும் தாமதம். 1931-இல் ஜப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய பிறகே பணி விரைவு பெற்றது.

செலவை ஏற்றவர் யார்? சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்ற அரசு நிலத்தைக் கொடுத்தது. ஹாங்காங் 2,50,000 பவுன், நியூசிலாந்து 10 இலட்சம் பவுன், மலாய்க் கூட்டரசு மாநிலங்கள் 20 இலட்சம் பவுன் வழங்க முன்வந்தன. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி ஜோகூர் சுல்தான் 5 இலட்சம் பவுன் அளித்தார். கரைப் பீரங்கிகளை அமைக்க அது உதவியது.

மலாய்க் கூட்டரசின் 20 இலட்சம் பவுன் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். அந்நாட்டு அரசின் வருவாய்க்கு ஆதாரமாக நின்றவை ஈயமும் ரப்பரும். ஈயச் சுரங்கத்தில் பெரும்பாலும் சீனர் உழைத்தனர். ரப்பர்த் தோட்டத்தில் பெரும்பாலும் தமிழர் உழைத்தனர். விடியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்த கூலியாளின் வியர்வை, வரியாகவும் தீர்வையாகவும் மாறி, பீரங்கியாகவும் எண்ணெய்க் கிடங்காகவும் செம்பவாங்கில் நின்றது. நன்கொடையாளர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஆனால் அந்நன்கொடையில் அவன் பங்கு இருந்தது.

1938 பிப்ரவரி 14 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் தாங்கிய உலர்துறையை ஆளுநர் ஷென்டன் தாமஸ் திறந்து வைத்தார். ஆயிரம் அடி நீளமுள்ள அத்துறை, அக்காலத்தில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. தளத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 6 கோடி பவுன் என்று மதிப்பிடப்படுகிறது. ‘அசைக்க முடியாத கோட்டை’ என்று பத்திரிகைகள் புகழ்ந்தன.

கட்டிய கைகள்

கண்டல் காட்டையும் சதுப்பு நிலத்தையும் வெட்டித் திருத்தி, ஆற்றின் போக்கை மாற்றி, மண்மேடுகளை வெட்டிப் பள்ளங்களை நிரப்பி அத்தளம் எழுப்பப்பட்டது. சீனரும் இந்தியருமான கூலியாட்களின் கைகளே அதனைச் செய்தன. கொசுவும் காய்ச்சலும் நிறைந்த நிலம் அது. பொறியாளர் பெயரும் ஒப்பந்தக் குழுமத்தின் பெயரும் ஏடுகளில் உள்ளன. மண் சுமந்தவர் ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டனர்.

போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் நம் போன்ற மக்கள் படைத்துறையில் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதையும் இங்கே அறிய வேண்டும். ‘வீர மரபினர்’, ‘வீர மரபினர் அல்லாதார்’ என்று இந்திய மக்களைப் பிரித்து ஆள் சேர்த்த கொள்கையால், ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளில் பணியாற்றிய தாழ்த்தப்பட்ட வகுப்பினர் படிப்படியாக ஒதுக்கப்பட்டனர். முதல் உலகப் போரில் ஆள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது 1917-இல் 111-ஆம் மகார் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. போர் முடிந்தது; 1921-இல் அது கலைக்கப்பட்டது. எந்த ஆண்டில் பேரரசு சிங்கப்பூரில் கோட்டை கட்ட முடிவெடுத்ததோ, அதே ஆண்டில் தனக்காகப் போரிட்ட ஒடுக்கப்பட்டோரின் படைப்பிரிவை வீட்டுக்கு அனுப்பியது. டாக்டர் அம்பேத்கர் போன்றோரின் இடையறாத வற்புறுத்தலுக்குப் பின், இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில் 1941-இல்தான் மகார் படைப்பிரிவு மறுபடியும் தோன்றியது.

மலேயாத் தோட்டங்களிலும் அதே மனப்பான்மை நிலவியது. உலக விலைவீழ்ச்சியின்போது கூலி குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-இல் மீண்டும் கூலிக் குறைப்பு நேர்ந்தபோது இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் கூலியாட்களின் குடியேற்றத்தைத் தடை செய்தது.

1941-இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் என்னும் பத்திரிகையாளர் அவர்களுக்கு வழிகாட்டினார். அவர்கள் கேட்டவை எவை? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி. பிள்ளைகளுக்கு முறையான கல்வி. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல். வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல். இந்தக் கடைசிக் கோரிக்கையை நம் ஊர் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துரைக்குப் பதிலாக வேறு ஒருவரை வைத்து, மிதிவண்டிக்குப் பதிலாகச் செருப்பையும் தோள் துண்டையும் சேர்த்து, அதே வழக்கத்தைத் தமிழ்நாட்டுத் தெருக்களில் நம் பெரியவர்கள் அனுபவித்தவர்கள். கடல் கடந்தும் விடாத அந்த இழிவை எதிர்த்து அவர்கள் எழுந்தார்கள். அரசு அவசர நிலையை அறிவித்துப் படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இது நடந்தது 1941 மே மாதத்தில். ஜப்பானியப் படை மலேயாவில் இறங்கியது அதே ஆண்டு டிசம்பரில். இடையில் ஏழே மாதங்கள். எந்நாட்டைக் காக்க வேண்டியிருந்ததோ அந்நாட்டின் உழைப்பாளர் மீதே பேரரசின் துப்பாக்கி முதலில் திரும்பியது.

காகிதத்தில் இருந்த கணக்கு

கப்பற்படை வந்து சேரும் வரை சிங்கப்பூர் எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பதே திட்டத்தின் உயிர்நாடி. தொடக்கத்தில் 42 நாள் என்று கணக்கிட்டனர். ஐரோப்பாவில் ஹிட்லரும் முசோலினியும் வலுப்பெற்றதால், கப்பல்களை விடுவிப்பது கடினமாகிக்கொண்டே வந்தது. 1939 ஜூலையில் அக்கணக்கு 90 நாளாயிற்று. போர் தொடங்கிய செப்டம்பரில் 180 நாளாயிற்று. 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்தபின், அனுப்புவதற்குக் கப்பற்படையே இல்லை என்ற நிலை ஏற்பட்டது. நாளின் எண் மாறியதே தவிர, திட்டம் மாறவில்லை.

எச்சரித்தவர் இல்லாமல் இல்லை. 1930-களின் பிற்பகுதியில் மலேயாப் படைத் தலைவராக இருந்த டாபியும் அவருடைய தலைமைத் துணை அலுவலராக இருந்த பெர்சிவலும் ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டனர். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திலும் மலேயாவின் கிழக்குக் கரையில் படைகளை இறக்க முடியும். எதிரி நிலவழியே வடக்கிலிருந்து வரக்கூடும் என்பதே அது. ஜோகூரில் ஓர் அரண் வரிசை அமைக்கச் சிறுதொகை ஒதுக்கப்பட்டது; அதுவும் முழுமையாகச் செலவிடப்படவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்துக் கடல் வாயிலை அடைத்தவர்கள், கொல்லைப்புறத்திற்குச் சில ஆயிரம் செலவழிக்கத் தயங்கினர்.

சிங்கப்பூரின் பீரங்கிகள் தவறான திசையை நோக்கியிருந்தன என்று ஒரு கதை பரவலாக வழங்குகிறது. அது முழு உண்மை அன்று. 15 அங்குலப் பீரங்கிகள் ஐந்தில் சில நிலப்பக்கம் திரும்பிச் சுடக் கூடியவை, சுடவும் செய்தன. ஆனால் அவற்றுக்கு இருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கான குண்டுகள். பரந்து வரும் காலாட்படைக்கு எதிராக அவற்றால் பெரும்பயன் இல்லை. ஆக, தவறு பீரங்கியின் திசையில் இல்லை. திட்டம் வகுத்தவரின் பார்வை சென்ற திசையிலேயே தவறு இருந்தது.

வானூர்திகளின் நிலையும் அவ்வாறே. 336 வானூர்திகள் வேண்டும் என்று 1940-இல் மதிப்பிடப்பட்டது. போர் தொடங்கியபோது இருந்தவை 158. அவற்றுள்ளும் பல பழையவை. டாங்கி ஒன்றுகூட இல்லை.

இன்னொரு செய்தி நம் கவனத்திற்கு உரியது. அரண் வேலைக்குக் கூலிப் படைகளைத் திரட்ட வேண்டும் என்று படைத்தலைமை விரும்பியது. ஆனால் இலண்டனில் அனுமதித்த கூலி, மலேயாவில் வெளியே கிடைத்த கூலியைவிடக் குறைவு. ஆட்கள் வரவில்லை. உழைப்பவனுக்கு ஊர்க்கூலி கொடுக்க மனமில்லாததும் அந்த மாபெரும் கோட்டை பலவீனமானதற்கு ஒரு காரணம் ஆயிற்று.

எழுபது நாள்

1941 டிசம்பர் 8 அதிகாலையில் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினர். டிசம்பர் 10 அன்று ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தானுக்கு அப்பால் வானூர்தித் தாக்குதலில் மூழ்கின. 840 பேர் மாண்டனர். இருபது ஆண்டுகளாக எதிர்பார்க்கப்பட்ட ‘கப்பற்படை’ என்பது இவ்விரு கப்பல்களும் சில சிறு துணைக் கப்பல்களுமே.

டிசம்பர் நடுவில் பினாங்கு கைவிடப்பட்டது. அங்கிருந்த ஐரோப்பியர் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டனர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் குண்டு வீச்சுக்கிடையே விடப்பட்டனர். பாதுகாப்புத் திட்டம் யாருக்காக வகுக்கப்பட்டது என்ற கேள்விக்கு அந்த ஓர் இரவு விடை கூறிவிட்டது.

ஜப்பானியர் மிதிவண்டிகளிலும் டாங்கிகளிலும் தெற்கு நோக்கி விரைந்தனர். 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை தரைப்பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தது. பாலத்தோடு ஜோகூரிலிருந்து தீவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாயும் துண்டிக்கப்பட்டது. எந்தத் தளத்திற்காக இவ்வளவும் செய்யப்பட்டதோ அந்தச் செம்பவாங் தளம், நீரிணைக்கு அப்பாலிருந்து எதிரி சுடும் தொலைவில் இருந்ததால், போரின்றியே காலி செய்யப்பட்டது. பிப்ரவரி 8 இரவு எதிரி படகுகளில் நீரிணையைக் கடந்தான். தீவின் நீர்த்தேக்கங்கள் அவன் கைக்குச் சென்றன. நகரின் குழாய்கள் குண்டு வீச்சில் உடைந்தன. அகதிகளால் நிரம்பிய நகரம் தண்ணீருக்குத் தவித்தது. பிப்ரவரி 15 அன்று புக்கித் தீமாவில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். எந்தப் பெர்சிவல் சில ஆண்டுகளுக்கு முன் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டினாரோ, அவரே தோல்வியையும் ஏற்க நேர்ந்தது.

தொடக்கம் முதல் முடிவு வரை எழுபது நாள். உலர்துறை திறக்கப்பட்டு நான்கு ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன.

கைவிடப்பட்டவர் கதி

சரணடைந்த இந்தியப் படைவீரர் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பூங்காவில் அவர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். சேராதோர் சிறையில் வாடினர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் தோட்டத் தொழிலாளரும் அப்படையில் பெருவாரியாகச் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டியிருந்தவர்கள் அணிவகுத்து நடந்தார்கள். வெற்றி தோல்வி எதுவாயினும், அந்த நிமிர்வு வரலாற்றில் இடம்பெற வேண்டியது.

மறுபுறம் பெருந்துயரம் நேர்ந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதையை ஜப்பானியர் 1942, 1943 ஆண்டுகளில் அமைத்தனர். அவ்வேலைக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவும் பட்டினியும் அடியும் அவர்களைக் கொன்று குவித்தன. அங்கே மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. மாண்ட தமிழரில் பெரும்பாலோர்க்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. கைதியான படைவீரன் எண்ணப்பட்டவன்; பிடித்துச் செல்லப்பட்ட கூலியாள் எண்ணப்படாதவன்.

இரண்டாம் போருக்குப் பின்

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தனர். தளம் செப்பனிடப்பட்டது, மறுபடியும் பாதுகாப்புத் திட்டங்கள் எழுதப்பட்டன. ஆனால் அடித்தளம் மாறிவிட்டது. 1947-இல் இந்தியா விடுதலை பெற்றதும், வேண்டும்போதெல்லாம் கப்பலேற்றி அனுப்பிய இந்தியப் படை பிரிட்டனின் கையை விட்டுப் போயிற்று. 1948-இல் மலேயாவில் கம்யூனிஸ்டு கிளர்ச்சியும் அவசர நிலையும் தோன்றின. 1957-இல் மலாயா விடுதலை பெற்றது. அவ்வாண்டே பிரிட்டனுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் மோதல் நடந்தது.

இந்தக் காலத்தில் தளத்தின் தொழிலாளர் முன்போல் மௌனமாக இல்லை. தமிழரும் மலையாளிகளும் சீனரும் மலாய்க்காரரும் சங்கம் அமைத்தனர். 1952 இறுதியில் ஆயிரக்கணக்கான தளத் தொழிலாளர் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். 1960-களில் தளத்தில் பணியாற்றிய தமிழர் அங்கேயே ஒரு முருகன் கோயிலை எழுப்பிப் பங்குனி உத்திரம் கொண்டாடினர். அக்கோயில் இன்று ஈசூன் பகுதியில் உள்ளது. பழனிக்குக் காவடி செல்வதைப் பார்த்து வளர்ந்த நம் பகுதி மக்களுக்கு அச்செய்தி மகிழ்வு தரும்.

பிரிட்டனின் பொருளாதாரம் தளர்ந்தது. 1967 நவம்பரில் பவுனின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 1968 ஜனவரியில், 1971 முடிவதற்குள் படைகளை விலக்கிக்கொள்வதாகப் பிரதமர் ஹெரால்டு வில்சன் அறிவித்தார். சிங்கப்பூரின் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களைச் சார்ந்திருந்தது. பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு கேள்விக்குறியாயிற்று. 1968 டிசம்பரில் கப்பல் துறை பெயரளவிலான ஒரு டாலர் விலைக்குச் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. ஆறு கோடி பவுன் செலவில் போருக்காக எழுந்த தளம், ஒரு டாலருக்குக் கைமாறி, வணிகக் கப்பல்களைப் பழுது பார்த்துப் பல்லாயிரவருக்குச் சோறு போட்டது. காக்க வந்த கப்பற்படை சென்றுவிட்டது. தளத்தைப் பயனுள்ளதாக்கிய தொழிலாளியின் கைத்திறன் அங்கேயே நின்றது.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வரலாற்றைப் பேரரசு ஒன்றின் தோல்விக் கதையாக மட்டும் படித்து மகிழ்வதில் பயன் இல்லை. திட்டம் வகுத்தவர்கள் அறிவிலிகள் அல்லர். பீரங்கியை எண்ணினார்கள்; எண்ணெயை எண்ணினார்கள்; நாட்களை எண்ணினார்கள். அந்நிலத்தில் வாழ்ந்து உழைத்த மக்களை மட்டும் எண்ணவில்லை. அவர்களுக்குக் கூலியில் நீதி இல்லை. மானத்தில் நீதி இல்லை. ஆபத்து வந்தபோது படகில் இடமும் இல்லை. தன் மக்கள் என்று யாரையும் கருதாத அரசுக்கு, ஆபத்து வேளையில் தன் நாடு என்று நின்று காப்பவரும் குறைவாகவே கிடைப்பர்.

திட்டம் என்ற சொல் இன்று நம் வாழ்வையும் சூழ்ந்துள்ளது. சாலை, குடிநீர், குடியிருப்பு, பள்ளி என எல்லாம் முதலில் ஏதோ ஓர் அலுவலகத்தில் காகிதத்தில் எழுதப்படுகின்றன. தாழ்த்தப்பட்ட மக்களை எண்ணாமல் வகுக்கப்பட்ட திட்டங்கள் அவர்களைச் சென்று சேரவில்லை என்று உணர்ந்ததாலேயே, 1979-80 முதல் சிறப்புக் கூறுத் திட்டம் என ஒரு பங்கைத் தனியே ஒதுக்கும் முறை வந்தது. ஒதுக்கியது வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டியவர் நாமே. அதற்கு வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும். கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்கும் துணிவு வேண்டும். கிள்ளான் தொழிலாளர் தம் கோரிக்கைகளுள் பிள்ளைகளின் கல்வியையும் சேர்த்தது தற்செயல் அன்று. கூலி உயர்வு ஒரு தலைமுறைக்கு. கல்வியோ வரும் தலைமுறைகளுக்கெல்லாம் என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்றும் நம் இளைஞர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். செல்க, ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுக. கங்காணியின் வாய்மொழியை நம்பிக் கட்டைவிரலைப் பதித்த காலம் நம் பாட்டன்மாரோடு போகட்டும்.

சங்கத்தின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலேயாவுக்கும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்று வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம் பகுதியில் இருக்கின்றனர். முதியோரிடம் கேட்டு, எவர் எந்த ஆண்டு சென்றார், எந்தத் தோட்டத்தில் உழைத்தார், திரும்பினாரா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பழைய கடிதமோ, பயண அனுமதிச் சீட்டோ கிடைத்தால் பாதுகாத்து வையுங்கள். பேரரசின் ஏடுகள் ‘கூலி’ என்று எழுதி முடித்த இடத்தில் நாம் ஒரு மனிதரின் பெயரை எழுத வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் கற்றுக்கொடுத்த எழுத்துக்கு அதைவிடச் சிறந்த பயன் வேறு இல்லை.